சுழலும் தண்டும் சொட்டும் எண்ணெயும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் பார்த்த காட்சி இது. இரவு வண்டியை நிறுத்தும்போது சுத்தமாக இருந்த தரையில், காலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. முந்தின நாள் நெடுஞ்சாலையில் ஓடியபோது என்ஜினுக்குள் எண்ணெய் சூடேறி, நீர்த்து, நாலாபுறமும் தெறித்துக்கொண்டிருந்தது. அப்போது பெரிதாக ஒழுகவில்லை. எல்லாம் அடங்கி நின்ற பிறகு சொட்டுகிறது. கசிவு என்பது ஓட்டை வழியாக எண்ணெய் வெளியேறுவது மட்டும்தான் என்றால் இது நேர்மாறாக அல்லவா நடக்க வேண்டும்?

இந்தப் புதிரைப் பிரித்துப் பார்க்க எம்ஜிபி கார் நல்ல உதாரணம். இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை உருவான இந்தச் சிறிய ஸ்போர்ட்ஸ் கார் 5 லட்சத்துக்கும் மேல் விற்றது. அதில் இருப்பது பிஎம்சி நிறுவனத்தின் 'பி சீரிஸ்' குடும்பத்தைச் சேர்ந்த 1798 சிசி என்ஜின். நம் அம்பாசிடரில் பல ஆண்டுகள் ஓடிய 1489 சிசி பெட்ரோல் என்ஜினும் அதே குடும்பம்தான். டாக்ஸி ஸ்டாண்டுகளில் அம்பாசிடர்கள் வரிசைகட்டி நின்ற காலத்துத் தரையை நினைவு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கறை புதிதல்ல.

முதலில் ஒரு பொதுவான தவறான எண்ணத்தை விலக்கிவிட வேண்டும். எம்ஜிபி ஓடும்போது ஆயில் பிரஷர் 50 முதல் 80 பிஎஸ்ஐ வரை இருக்கும். கார் டயரின் காற்றழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு. ஆனால் அந்த அழுத்தம் என்ஜின் முழுவதும் நிரம்பி நிற்பதில்லை. பம்ப், ஃபில்டர், பேரிங்குகளுக்குப் போகும் துளைகள், ஆயில் கூலருக்குப் போய்வரும் ஹோஸ்கள் ஆகிய குறுகிய பாதைகளில் மட்டுமே அது உண்டு. பேரிங்கின் விளிம்பைத் தாண்டியதும் எண்ணெய் அழுத்தம் இழந்து, வெறுமனே வழிந்து அடித்தொட்டியான சம்ப்பில் விழுகிறது. ஆயில் சீல்களும் கேஸ்கெட்டுகளும் தடுக்க வேண்டியது இந்த வழியும் எண்ணெயைத்தான். ஹோஸ்கள் தாங்குவதோ முழு அழுத்தத்தை. ஆகவே இரண்டும் கெட்டுப்போகும் விதமும் வேறு, கெட்டுப்போனால் நேரும் விளைவும் வேறு.

என்ஜினில் எண்ணெய் வெளியேறக்கூடிய இடங்களில் மிகக் கடினமானது கிராங்க்ஷாஃப்ட்டின் பின்முனை. பிஸ்டன்களின் மேலும் கீழுமான ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் அந்தத் தண்டு, என்ஜினை விட்டு வெளியே வந்து ஃபிளைவீலையும் கிளட்சையும் சுழற்றியாக வேண்டும். நிமிடத்துக்கு 5,000 முறை சுழலும் இரும்பைச் சுற்றி எண்ணெய் புகாத ஒரு வளையம் வேண்டும். அழுத்திப் பிடித்தால் உராய்ந்து தேயும். விலகி நின்றால் ஒழுகும்.

தொடக்ககால பி சீரிஸ் என்ஜின்களை வடிவமைத்தவர்கள் இங்கே ரப்பரே வைக்கவில்லை. தண்டின் மேல் திருகில் இருப்பதுபோல ஒரு மரையை வெட்டினார்கள். தண்டு சுழலும்போது, சுற்றியுள்ள நிலையான உலோகத்துக்கும் மரைக்கும் இடையே மாட்டிக்கொள்ளும் எண்ணெய், மரையின் சாய்வால் என்ஜினுக்குள்ளேயே திரும்பத் தள்ளப்படுகிறது. எதுவும் எதையும் தொடுவதில்லை, அதனால் தேய்மானமும் இல்லை. அழகான ஏற்பாடு. ஆனால் தண்டு நின்றுவிட்டால் மரை வெறும் பள்ளம். பேரிங்கில் மிச்சமிருக்கும் எண்ணெய் அந்தப் பள்ளத்தின் வழியே நிதானமாக வெளியே வருகிறது. ஓடும்போது ஒழுகாத கார் நின்ற பிறகு சொட்டுவதன் காரணம் இதுதான். அங்கே அடைப்பு என்று ஒன்று இருந்ததே இல்லை; இருந்தது ஒரு பம்ப், அது இரவில் ஓடவில்லை.

1964-ன் இறுதியில் எம்ஜிபி-க்கு ஐந்து பேரிங்குகள் கொண்ட புதிய கிராங்க்ஷாஃப்ட் வந்தது. அதோடு பின்முனையில் ரப்பர் உதடு கொண்ட ஆயில் சீலும் வந்தது. இரும்பு வளையத்தின் உட்புறம் ஒட்டிய ரப்பர், அதன் விளிம்பில் கூர்மையான ஓர் உதடு, உதட்டின் முதுகில் ஒரு மெல்லிய சுருள் ஸ்பிரிங். ஸ்பிரிங் உதட்டைத் தண்டின் மேல் அணைத்துப் பிடிக்கிறது. பார்த்த மாத்திரத்தில் இது புரிந்துவிட்டதுபோல் தோன்றும்: ரப்பர் தண்டை இறுக்கமாகத் தொடுகிறது, எண்ணெய் நிற்கிறது. பல ஆண்டுகள் பொறியாளர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

அப்படியில்லை என்று காட்டியது 1957-ல் பிரிட்டனில் ஈ. டி. ஜாகர் வெளியிட்ட ஆய்வு. தண்டு சுழலும்போது உதட்டுக்கும் இரும்புக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் ஒன்று இருக்கிறது என்றார் அவர். தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் அளவு. இந்தப் படலம் ஒரு மைக்ரானை ஒட்டியது. யோசித்தால் இது இருந்தே ஆக வேண்டும். உலர்ந்த ரப்பர் அந்த வேகத்தில் இரும்பில் உரசினால் சில நிமிடங்களில் கருகிவிடும். நல்ல சீல்களோ ஆண்டுக்கணக்கில் ஓடுகின்றன. ஆனால் விடை கிடைத்த இடத்திலேயே பெரிய கேள்வி முளைத்தது. உதட்டின் அடியில் எண்ணெய் போய்வர வழி இருக்கிறது என்றால், அது ஏன் மறுபக்கம் வெளியேறுவதில்லை?

இதற்கான சோதனை எளிமையானது. அதன் எளிமையே எனக்கு மிகவும் பிடித்தது. 1970-களின் இறுதியில் ஜப்பானிய ஆய்வாளர்கள் கவஹாராவும் ஹிராபயாஷியும் சீலை வேண்டுமென்றே திருப்பி மாட்டிப் பார்த்தார்கள். வெறும் அடைப்பானாக இருந்தால் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருக்க வேண்டும். ஆனால் திருப்பி மாட்டிய சீல் எண்ணெயை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தொடர்ந்து இறைத்தது. நல்ல சீல் சரியாக மாட்டியிருக்கும்போது, அதன் காற்றுப் பக்கத்தில் அளந்த சிறு அளவு எண்ணெயை விட்டாலும், கொஞ்ச நேரத்தில் அதையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. எவ்வளவு நேரத்தில் இழுக்கிறது என்று கணக்கிட்டே சீலின் தரத்தை அளக்கலாம். ஆக, ரப்பர் உதடும் ஒரு பம்ப்தான். தண்டில் வெட்டிய மரை செய்த வேலையை இங்கே கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று செய்கிறது.

அந்த ஏதோ ஒன்று எது என்பதை ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் 1980-களில் நடந்த ஆய்வுகள் பெரிதும் தெளிவாக்கின. உதட்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் சமச்சீராக இல்லை. எண்ணெய்ப் பக்கச் சரிவு செங்குத்தாகவும் காற்றுப் பக்கச் சரிவு படுத்தும் இருக்கும். அதனால் உதடு தண்டை மிக அதிகமாக அழுத்தும் இடம் நடுவில் அமையாமல் எண்ணெய்ப் பக்கமாக ஒதுங்கி அமைகிறது. இனி ரப்பரின் மேற்பரப்பு. ஓடத் தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் உதட்டின் முனை லேசாகத் தேய்ந்து, மைக்ரான் அளவுள்ள மேடுபள்ளங்கள் உருவாகின்றன. சுழலும் எண்ணெய் இந்த மேடுகளைப் பக்கவாட்டில் இழுக்கிறது. அழுத்தம் மிகுந்த இடத்தில் இழுப்பும் மிகுதி. இரு ஓரங்களிலும் குறைவு. ஆகவே மேடுகள் அம்பின் தலைபோல வளைகின்றன. அம்பின் முனை எண்ணெய்ப் பக்கத்துக்கு அருகில் இருப்பதால், காற்றுப் பக்கத்துக் கை நீளமாகவும் எண்ணெய்ப் பக்கத்துக் கை குட்டையாகவும் அமைகின்றன.

மழை விட்டதும் மொட்டை மாடியில் தேங்கிய தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளும்போது, துடைப்பத்தைச் சாய்த்துப் பிடித்தால் தண்ணீர் நேராகப் போகாமல் ஒரு பக்கமாக ஒதுங்கும். சாய்ந்த ரப்பர் மேடுகளும் எண்ணெயை அப்படித்தான் ஒதுக்குகின்றன. நீண்ட கை உள்நோக்கி ஒதுக்குகிறது, குட்டைக் கை வெளிநோக்கி ஒதுக்குகிறது. நீண்ட கைக்கே வெற்றி. உள்ளே இழுக்க எண்ணெய் மிச்சமில்லாதபோது ஒரு சமநிலை ஏற்பட்டு, மசகுக்குத் தேவையான படலம் மட்டும் தங்குகிறது. தண்டு நின்றதும் ஸ்பிரிங் உதட்டை இறக்கி இரும்பின் மேல் படியவைக்கிறது. இரவில் காவலுக்கு ஆள் இல்லாமல் போன மரையின் குறை இங்கே தீர்ந்தது.

இதைப் புரிந்துகொண்டால் பழைய சீல் ஏன் ஒழுகுகிறது என்பதும், புதிய சீல் போட்ட மறுவாரமே சில கார்கள் ஏன் ஒழுகுகின்றன என்பதும் சேர்ந்தே விளங்கும். சீலுக்குப் பெரும்பாலும் பயன்படுவது நைட்ரைல் ரப்பர். இயற்கை ரப்பர் எண்ணெயைக் குடித்து ஊதிப்போகும், நைட்ரைல் தாக்குப்பிடிக்கும். ஆனால் சூடும் ஆக்சிஜனும் சேர்ந்து அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையே புதுப்புது முடிச்சுகளைப் போட்டுக்கொண்டே போகின்றன. மெதுமைக்காகச் சேர்த்த பொருள்களும் கசிந்து வெளியேறுகின்றன. ரப்பர் விறைக்கிறது. விறைத்த உதட்டில் மேடுகள் வளைவதில்லை. வளையாவிட்டால் இறைப்பும் இல்லை. தேய்ந்து அகலமாகிவிட்ட உதட்டில் சரிவுகளின் வித்தியாசமே மறைந்துவிடுகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த முதுமையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது ரப்பர் துறையில் கைக்கணக்கு. அதை வைத்துத்தான், 100 டிகிரி அடுப்பில் 70 மணி நேரம் வைத்த துண்டைப் பார்த்து ரப்பரின் வருங்காலத்தை மதிப்பிடுகிறார்கள்.

மற்றொரு குற்றவாளி தண்டு. மெத்தென்ற ரப்பர் இரும்பைத் தேய்க்குமா என்று கேட்கலாம். தேய்க்கும். எண்ணெயில் மிதக்கும் தூசியும் உலோகத் துகளும் ரப்பரில் பதிந்துகொள்ள, உதடு உப்புத்தாளாக மாறிவிடுகிறது. பல ஆண்டுகளில் இரும்பில் விரல்நகம் மாட்டும் அளவுக்கு ஒரு வளையப் பள்ளம் விழுகிறது. எம்ஜிபி-யின் முன்பக்க சீல் கிராங்க் புல்லியின் கழுத்தில் ஓடுகிறது. பழைய புல்லியைக் கழற்றிப் பார்த்தால் இந்தப் பள்ளம் நன்றாகவே தெரியும். புதிய சீலின் உதடு அந்தப் பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்தால் அதன் சரிவுகள் கணக்கிட்டபடி அமையாது. சீலை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தி உதட்டுக்குப் புதிய இரும்பைக் கொடுக்க வேண்டும். அல்லது அந்தக் கழுத்தின் மேல் மில்லிமீட்டரில் கால் பங்கு தடிமனுள்ள எஃகு உறையை ஏற்ற வேண்டும். உப்புத்தாளால் தண்டை மெருகேற்றுகிறவர்கள் கையைப் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே தேய்த்தால் சுருள் கீறல் விழும். சுருள் கீறல் என்பது மரை. அதன் சாய்வு தவறான திசையில் அமைந்துவிட்டால், என்ஜின் ஓடும் நேரமெல்லாம் அது எண்ணெயை வெளியே இறைக்கும். மாட்டும் முன் உதட்டில் எண்ணெய் தடவ வேண்டும் என்று பட்டறைப் பெரியவர்கள் வற்புறுத்துவதும் சரியே. படலம் உருவாகும் முன்னரான முதல் சில சுற்றுகளிலேயே உலர்ந்த உதடு கிழிந்துபோகக்கூடும்.

முன்பக்க சீலில் இன்னொரு நுட்பம் உண்டு. அந்த சீலைத் தாங்கும் டைமிங் கவரின் போல்ட் துளைகள் கொஞ்சம் தாராளமானவை. கவரை முதலில் இறுக்கிவிட்டுப் புல்லியைச் செருகினால் சீல் ஒருபுறம் நசுங்கி மறுபுறம் விலகி நிற்கும். கவரைத் தளர்வாக வைத்து, புல்லியைச் செருகி, அது தானே நடுவில் அமைந்த பிறகுதான் போல்ட்டுகளை முடுக்க வேண்டும்.

அசையாத இணைப்புகளின் கதை சுருக்கமானது. என்ஜினின் மேலே இருக்கும் ராக்கர் கவர், பக்கவாட்டில் இருக்கும் டேப்பெட் மூடிகள் ஆகியவற்றில் கார்க் கேஸ்கெட். கார்க்கை அமுக்கினால் பக்கவாட்டில் பிதுங்காது. அதன் உள்ளறைகள் மடிந்து இடம் கொடுக்கும். ரப்பருக்கு அந்தக் குணம் இல்லை, அமுக்கினால் எங்காவது பிதுங்கியே ஆகும். கார்க்கின் குறை, காய்ந்து சுருங்குவது. ஒழுகுகிறதே என்று போல்ட்டை இன்னும் முடுக்குவதுதான் இங்கே நடக்கும் பெரிய அநியாயம். மெல்லிய தகட்டு மூடி போல்ட்டைச் சுற்றிக் குழிந்து, இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே மேலெழும்புகிறது. ஒழுக்கு அதிகமாகிறது. அப்படி வளைந்த மூடியைத் தட்டிச் சமன் செய்யாமல் எத்தனை கேஸ்கெட் மாற்றினாலும் பயனில்லை.

எந்த இடம் ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையில் பாதி. எண்ணெய் தான் வெளியேறிய இடத்தில் நிற்பதில்லை. புவியீர்ப்பு கீழே இழுக்கிறது, ஓடும் காற்று பின்னே தள்ளுகிறது. ராக்கர் கவரின் பின்மூலையில் கசிந்த எண்ணெய் என்ஜினின் முதுகு வழியாக இறங்கி, பின்முனை சீல் போனதுபோலவே, கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடியிலிருந்து சொட்டும். எம்ஜிபி-யில் பின்முனை சீலை மாற்ற என்ஜினையே வெளியே எடுக்க வேண்டும். கார்க் துண்டு செய்த தவறுக்கு என்ஜினைத் தூக்கியவர்கள் நிறைய. முதலில் என்ஜினை நன்றாகக் கழுவிக் காயவைக்க வேண்டும். எண்ணெயில் புற ஊதா ஒளியில் மின்னும் சாயத்தைக் கலந்து, கொஞ்சம் ஓட்டிவிட்டு, அதற்கான விளக்கை அடித்துப் பார்த்தால் மஞ்சள்பச்சைக் கோடு மூலம்வரை கூட்டிப்போகும். சாயம் கிடைக்காவிட்டால் காய்ந்த உலோகத்தின் மேல் டால்கம் பவுடரைத் தூவினாலே ஈரத்தடம் தெரியும். எப்போதும் ஈரத்தின் மிக உயரமான, மிக முன்னாலுள்ள புள்ளியைத் தேட வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒன்றைப் பார்க்க வேண்டும்: என்ஜின் மூச்சு விடுகிறதா? எரிந்த வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி சம்ப்புக்குள் எப்போதும் இறங்கிக்கொண்டிருக்கும். அது வெளியேற டேப்பெட் மூடியிலிருந்து ஒரு குழாய் போகிறது. பிந்தைய எம்ஜிபி-களில் கார்புரேட்டரே அந்த வாயுவை இழுத்துக்கொள்கிறது. குழாய் கரி பிடித்து அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். ஒரு மைக்ரான் படலத்தின் நுண்ணிய சமநிலை அந்த அழுத்தத்துக்கு நிற்காது. என்ஜின் மெதுவாக ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து ஒரு மெல்லிய தாளை வைத்துப் பார்க்கலாம். தாளை வெளியே தள்ளினால், சீல் வாங்கப் போவதற்கு முன் அந்தக் குழாயைச் சுத்தம் செய்வது நல்லது. பல கசிவுகள் அதிலேயே குறைந்துவிடும்.

ஹோஸ்களுக்கு வருவோம், என்னைக் கேட்டால் முதலில் பணம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். என்ஜினிலிருந்து ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஆயில் கூலருக்கு இரண்டு ஹோஸ்கள் ஓடுகின்றன. பேரிங்குகளுக்குப் போகும் எண்ணெய் முழுவதும் இவற்றின் வழியே போயாக வேண்டும். சீல் போனால் தரையில் கறை. ஹோஸ் வெடித்தால் சம்ப்பில் இருக்கும் ஏறக்குறைய 4 லிட்டரும் சிறிது நேரத்தில் சாலையில். ஓட்டுபவர் பிரஷர் மீட்டரைக் கவனிக்கவில்லை என்றால் பேரிங்குகள் உருகிப் பிடித்துக்கொள்ளும். சூடான எக்ஸாஸ்ட் குழாயில் பட்டால் தீயும் பிடிக்கலாம்.

ஹோஸின் உள்ளே ரப்பர் குழாய், அதைச் சுற்றி நூலாலோ கம்பியாலோ பின்னிய வலை, வெளியே இன்னொரு ரப்பர் உறை. அழுத்தத்தைத் தாங்குவது நடுவில் இருக்கும் வலை. உருளை வடிவக் குழாயில் திரவ அழுத்தம் சுற்றளவை விரிக்க முயலும் விசை, நீளத்தை இழுக்கும் விசையைப் போல இரு மடங்கு. வலையின் இழைகளைக் குழாயின் அச்சுக்கு ஏறத்தாழ 54.7 டிகிரி சாய்வில் பின்னினால் இரு விசைகளும் இழைகளின் மேல் சரியாகப் பங்கிடப்படும். அப்போது அழுத்தம் ஏறினாலும் ஹோஸ் நீளவும் செய்யாது, சுருங்கவும் செய்யாது. சாய்வு இதைவிடக் குறைந்தால் பருத்துச் சுருங்கும். கூடினால் மெலிந்து நீளும்.

வெளி உறையின் எதிரி ஓசோன். காற்றில் மிகச் சொற்பமாக இருந்தாலும், இழுபட்டு நிற்கும் ரப்பரின் இரட்டைப் பிணைப்புகளை அது தேடி வெட்டும். அதனால் வெடிப்புகள் இழுவிசைக்குக் குறுக்காகவே விழும். ஹோஸ் வளையும் இடத்தின் வெளிப்புறத்தில்தான் முதலில் தெரியும். விரலால் கொஞ்சம் வளைத்து அந்த இடத்தைப் பாருங்கள். மயிரிழைக் கோடுகள் தெரிந்தால் தாமதிக்க வேண்டாம். ஆனால் கோடு இல்லை என்பதால் நிம்மதியடையவும் கூடாது. உள்குழாய் விறைத்து, இரும்பு முனையோடு சேரும் இடத்தில் பிரியத் தொடங்கியிருப்பது வெளியே தெரியாது. பளபளக்கும் எஃகு வலை போர்த்திய ஹோஸ்களில் இந்த ஆபத்து கூடுதல்; உள்ளே இருக்கும் ரப்பரின் வயது அந்தப் பளபளப்பில் தெரிவதே இல்லை. மாற்றும்போது இரண்டு ஸ்பானர்கள் வேண்டும், ஒன்று பிடிக்க, ஒன்று திருக. முறுக்கியபடி மாட்டிய ஹோஸ் அழுத்தம் ஏறும் ஒவ்வொரு முறையும் தன்னை விடுவித்துக்கொள்ளப் பார்க்கும். மாட்டிய பின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, மீட்டரில் பிரஷர் காட்டும்வரை ஸ்டார்ட்டரால் மட்டும் சுழற்ற வேண்டும். காலியான கூலரும் ஹோஸ்களும் நிரம்பும்வரை பேரிங்குகளுக்கு எண்ணெய் போகாது.

பின்முனை சீலின் சிறு சொட்டுக்கு அவசரமில்லை. பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு துளையும் அதில் தளர்வாகத் தொங்கும் ஒரு ஸ்பிளிட் பின்னும் இருக்கும். வண்டியின் அதிர்வில் அந்தப் பின் ஆடி ஆடித் துளையை அடைபடாமல் வைத்திருக்கும். எண்ணெய் கிளட்ச் தட்டுக்குப் போகாமல் வெளியே விழும். இங்கே கசியும் என்று எதிர்பார்த்தே செய்த ஏற்பாடு அது. கிளட்ச் வழுக்காதவரை பொறுத்திருந்து, கிளட்ச் மாற்ற என்ஜினை இறக்கும் நாளில் இந்த சீலையும் மாற்றிவிடுவதுதான் கணக்குக்கு ஒத்துவரும்.

பழைய கார் பிரியர்களிடம் ஒரு பழக்கம் உண்டு: அந்தக் காலத்து ஆலை உறை பிரிக்காத அசல் பாகங்களைத் தேடிப்பிடித்து, கூடுதல் விலை கொடுத்து வாங்குவது. கியர், மீட்டர், விளக்குக் கண்ணாடி என்றால் அதில் நியாயம் இருக்கிறது. ரப்பருக்கு அது பொருந்தாது. உறைக்குள் இருந்தாலும் முடிச்சுகள் விழுந்துகொண்டேதான் இருக்கும். ரப்பர் பொருள்களைச் சேமிப்பதற்கான ஐஎஸ்ஓ 2230 விதிமுறை, நைட்ரைலுக்கு முதல் சேமிப்புக் காலமாக 7 ஆண்டுகளும், அதிகச் சூடு தாங்கும் ஃபுளோரோகார்பன் ரப்பருக்கு 10 ஆண்டுகளும் தருகிறது. 1975-ல் உறையிட்ட நைட்ரைல் சீல் ஒரு நாள்கூட எண்ணெயைத் தொடாமலே கிழமாகிவிட்டது. கடையில் கேட்க வேண்டியது உறையின் பழமையை அல்ல, ரப்பர் வார்த்த ஆண்டை. ஹோஸ்களில் அது பெரும்பாலும் உறையின் மேலேயே அச்சிட்டிருக்கும். சீல்களுக்குக் கடைக்காரர்தான் சொல்ல வேண்டும், சொல்லத் தெரியாதவரிடம் வாங்காமல் இருப்பதே மேல்.